சிறையுடைக்கப் போன செவ்வாலி

மலைக்காட்டில் வானத்தை முட்டும் ஒரு நாங்கு மரம் இருந்தது. அதன் கிளைகளில் செவ்வாலி என்ற மலை அணில் தன் குட்டியோடு வசித்தாள். அடுத்த வீட்டு விவகாரம் என்றால் அவளுக்குப் பலாச்சுளை சாப்பிடுகிற மாதிரி!

மாசி மாதத்தில் அந்த மரத்துப் பொந்துக்கு ஓர் இருவாச்சிப் பறவைத் தம்பதி குடிவந்தது. மனைவி பொன்னலகி பொந்துக்குள் போனாள். இரண்டே நாளில் பொந்தின் வாயை மண்சுவர் மூடிவிட்டது! அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு சிறு இடுக்குதான் மிச்சம். கணவன் தினமும் அத்திப்பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டிவிட்டுப் பறந்துபோனான்.

செவ்வாலிக்கு நெஞ்சு கொதித்தது. "அடப்பாவி! கட்டினவளையே சிறை வெச்சுட்டானே! இதைக் கேட்க ஆளே இல்லையா?"

ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலை, கணவன் கிளம்பியதும் ஓடிவந்து சுவரைக் கறகறவென்று கடிக்கத் தொடங்கினாள்.

"பயப்படாதீங்க அக்கா! இதோ, வெளியே வந்துடலாம்!"

பாதிச் சுவர் பெயர்ந்ததும் உள்ளேயிருந்து ஓர் அலகு பாய்ந்து அவள் மூக்கைப் பதம் பார்த்தது.

"யாருடி அது, என் வீட்டை இடிக்கிறது?"

"காப்பாத்த வந்தவளையா கொத்துறீங்க? நீங்க சிறையிலே இருக்கீங்க அக்கா!"

"சிறையா? இந்தச் சுவரை உள்ளேயிருந்து பூசினதே நான்தான்! அவர் மண்ணு மட்டும்தான் கொண்டுவந்தார்."

செவ்வாலியின் வாய் சும்மா இருக்குமா?

"தன்னைத்தானே பூட்டிக்கிற பொம்பளையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!"

"ஒத்தைக் குட்டிக்கு எட்டுக் கூடு கட்டிட்டு, இன்னைக்கு இங்கே, நாளைக்கு அங்கேன்னு அலையுறவளை நானும் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்! போடி!"

"இந்த மூக்கு நீண்டவளோடு எனக்கென்ன பேச்சு!" என்று செவ்வாலி கோபமாக மேலே ஏறிப்போனாள்.

சற்று நேரத்தில் அடிமரத்தில் சரசரப்பு கேட்டது. மரநாய்! அவன் உடைந்த சுவரைப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினான். உள்ளே கையை விட்டான். பொன்னலகி ஓங்கி ஒரு கொத்து கொத்தினாள்.

"ஐயோ, என் கை! இரு, காயம் ஆறட்டும். மத்தியானம் வந்து மீதிச் சுவரையும் பேர்க்கிறேன்!" என்று கத்திக்கொண்டே அவன் இறங்கிப்போனான்.

செவ்வாலி குட்டியைக் கவ்விக்கொண்டு ஐந்தாவது கூட்டுக்கு ஓடினாள். அப்போது பொந்திலிருந்து குரல் வந்தது. "அடியே, உன் குட்டி பத்திரமா?"

செவ்வாலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவரை இடித்தது இவள். ஆனால் அவளோ இவள் குட்டியை விசாரிக்கிறாள்! வெட்கத்தோடு பொந்தருகே வந்தாள்.

"பத்திரம்தான் அக்கா. போன வருஷம் ஒரே ஒரு கூடுதான் வெச்சிருந்தேன். அந்தப் படுபாவி என் ரெண்டு குட்டியையும் தூக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம்தான் எட்டுக் கூடு. எதிலே குட்டி இருக்குன்னு அவனுக்குத் தெரியக்கூடாதில்லையா?"

"எனக்கு இந்தச் சுவர் எதுக்குன்னு நினைச்சே?"

செவ்வாலி உள்ளே எட்டிப் பார்த்தாள். இறகு முளைக்காத ஒரு குஞ்சு வாயைத் திறந்துகொண்டிருந்தது. பொன்னலகியின் இறகுகளும் உதிர்ந்து கிடந்தன. அவளால் பறக்கவும் முடியாது!

"அவனுக்காகத்தானா அக்கா!"

"அவனுக்காகத்தான்டி!"

இருவரும் சேர்ந்து மரநாயை வாய் வலிக்கத் திட்டினார்கள். பொது எதிரியைத் திட்டும்போது வளர்கிற நட்பு விருந்து வைத்தாலும் வளராது!

"அவர் பொழுது சாயத்தான் வருவார். அதுக்குள்ளே ஈர மண்ணு வேணுமே!" என்றாள் பொன்னலகி.

மலை அணில்கள் தரையில் இறங்குவதே அபூர்வம். செவ்வாலியோ பிறந்ததிலிருந்து மண்ணை மிதித்ததே இல்லை. "இடிச்சவ நான்தானே அக்கா!" என்று சொல்லிவிட்டு, ஓடைக்கு இறங்கினாள். வாய் நிறைய மண்ணை அள்ளி வந்தாள்.

"சீ, என்ன கசப்பு!"

"பூசத்தானே கேட்டேன்! உன்னை யாருடி ருசி பார்க்கச் சொன்னது?"

பன்னிரண்டு நடை நடந்தாள். பொன்னலகி மண்ணோடு அத்திப்பழச் சக்கையைக் குழைத்துப் பூசிக்கொண்டே இருந்தாள். வெயில் சுவரை இறுக வைத்தது.

மத்தியானம் மரநாய் வந்தான். "காலையிலே இங்கே ஓட்டை இருந்ததே!" பிராண்டிப் பார்த்தான். நகம்தான் வலித்தது. ஆத்திரத்தில் அணில் கூடுகளைத் தேடத் தொடங்கினான். முதல் கூடு காலி. இரண்டாவதும் மூன்றாவதும் காலி.

இடுக்கு வழியாகப் பொன்னலகி காடே அதிரக் கத்தினாள். "செவ்வாலி! நாலாவதுக்கு வந்துட்டான்!"

ஐந்தாவது கூட்டிலிருந்த செவ்வாலி, அவன் பார்த்து முடித்த கூடுதான் பத்திரம் என்று குட்டியோடு தாவி இரண்டாவது கூட்டுக்குள் புகுந்துகொண்டாள். மரநாய் எட்டாவது கூடுவரை கிளறிவிட்டு, வெறும் வயிற்றோடு இறங்கிப்போனான்.

நம்மைப்போல் வாழாதவர்களிடம் ஏன் இப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தால், அவர்கள் பயமும் பாசமும் நம்முடையவைதான் என்பது புரிந்துவிடும்.