அரசர் முட்டியும் அவையோர் நொண்டலும்

உம்மைத்தான் சொல்கிறேன் ஐயா. பெயர் சொல்ல மாட்டேன்; உமக்கே தெரியும். முட்டி வலி என்று வந்த ஆளை எட்ட நிற்கவைத்து, அவர் வாயைத் திறக்கும் முன்பே மருந்தைச் சொல்லி அனுப்பினீர். வலி குறையவில்லை என்று திரும்பி வந்தால், "உனக்குப் பொறுமை இல்லை" என்றீர். பொறுமையா? உட்காரும். ஒரு கதை சொல்கிறேன். பாதியில் எழுந்து போகிற வேலை வேண்டாம்.

வெகு காலத்துக்கு முன்னால் வெண்குன்ற நாட்டை இரணகேசரி என்றொரு ராசா ஆண்டான். போர்க்களம் பார்த்தவன் இல்லை; பெயர் மட்டும் அப்படி. ஒருநாள், குடிகள் வாய் பிளக்கட்டும் என்று யானை மேலிருந்து ஏணி வைக்காமல் குதித்தான். வலது முட்டி மளுக்கென்று திருகிக்கொண்டது. மறுநாள் அவைக்கு நொண்டியபடி வந்தான்.

அரண்மனை வைத்தியர் பரிமேலர். தோள் நிறையச் சால்வை, வாய் நிறையச் சுலோகம். கிட்டே போகவில்லை, தொடவில்லை. எதிரே நின்று கண்ணை மூடித் திறந்து, "இடது முட்டியில் வாதம்!" என்று முழங்கிவிட்டார்.

தனியறையில் பரிமேலர் ஏவலாளை விட்டுப் பற்றுப் போடும்போது ராசா மெல்லக் கேட்டான்: "வலி வலதில் அல்லவா இருக்கிறது?"

அவையே கேட்டபின் சொன்னதை விழுங்க முடியுமா? "பிரபு, வலி அங்கே, நோய் இங்கே" என்றார் பரிமேலர். என்ன ஞானம் என்று ராசாவும் இடது காலை நீட்டிவிட்டான்.

ராசா நொண்டும்போது நாம் நேராக நடந்தால் மரியாதையா? முதலில் தளபதி நொண்டினார். பிறகு புலவர்கள். வாரம் முடிவதற்குள் ஒரே ஒருவரைத் தவிர அவை முழுவதும் நொண்டியது. ராசாவுக்கு ஒரே பூரிப்பு. "அவையோர் மட்டுமே நொண்டலாம். மற்றவன் நொண்டினால் அது ராச நிந்தனை" என்று முரசறைய வைத்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் பல்லக்குத் தூக்கும் ஒச்சப்பனுக்கு மலைக்கோயில் படியில் முட்டி பிசகியது. பல்லக்கில் இருந்தவன் ராசா. எடை கொஞ்சமா நஞ்சமா? அவன் நொண்டுவதைப் பரிமேலர் பார்த்து, அவைக்கு இழுத்து வந்துவிட்டார்.

"பிரபு, இந்தப் பயல் தங்களை நையாண்டி செய்கிறான்! பல்லக்கோடு கோட்டையைச் சுற்றி ஓடவிடுங்கள். நடிப்பெல்லாம் தானாகப் போய்விடும்."

"ஓடட்டும்!" என்றான் ராசா.

ஒச்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "சாமி, ஓடினா இந்தக் கால் அத்தோட போச்சு. இதை வச்சுத்தான் எங்க வீட்ல உலை கொதிக்குது."

அமைச்சர் தேவூரார் எழுந்தார். நொண்டாமல் எழுந்தவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே பரிமேலருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"நல்ல தண்டனை பிரபு. ஆனால் இவன் திருடியதாகச் சொல்வது தங்கள் நொண்டலை. பொருளை உடையவர் அடையாளம் காண வேண்டாமா? அவையோரும் இவனும் தங்களுக்கு முதுகைக் காட்டி நடந்து போகட்டும்."

அந்த அரண்மனையில் ராசாவுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. வெளியே போவதும் பின்னோக்கித்தான். பரிமேலர் பதறினார்: "முதுகைக் காட்டுவதா? அபசாரம்!"

"ஏன் வைத்தியரே, முதுகில் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறீரா?" என்றார் தேவூரார்.

ராசா சிரித்துவிட்டான். "நடங்கள், பார்ப்போம்."

நடந்தார்கள். அத்தனை பேரும் இடது காலில் சாய்ந்து சாய்ந்து போனார்கள். ஒச்சப்பன் மட்டும் வலது காலில் சாய்ந்தான். ராசா தன் காலைப் பார்த்தான். எழுந்து இரண்டு எட்டு வைத்துப் பார்த்தான்.

"நில்லுங்களடா! எனக்கு எந்தக் கால்?"

"இடது கால், பிரபு!" என்றது அவை, ஒரே குரலில்.

"தங்களை எதிரே நின்றுதானே பார்த்தார்கள்?" என்றார் தேவூரார். "தங்கள் வலது கால் இவர்களுக்கு இடப்பக்கம் தெரிந்திருக்கிறது. வைத்தியருக்கும் அப்படித்தான். இவர்கள் எதிரே நின்று நொண்டியவரை தங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை."

"பிரபு, வலி அங்கே, நோய்..." என்று பரிமேலர் இழுத்தார்.

"அப்படியா? உமக்கு முதுகில் நாலு போடச் சொல்கிறேன். வலி சால்வைக்குப் போகட்டும்!"

தேவூரார் தரையில் உட்கார்ந்து ஒச்சப்பனின் இரண்டு முட்டிகளையும் தொட்டுப் பார்த்தார். "வலதில் சூடு இருக்கிறது, வீக்கம் இருக்கிறது, உள்ளே நீர் கட்டியிருக்கிறது. இதை யாரால் நடிக்க முடியும்?" அடுத்து ராசாவின் வலது முட்டியில் அதே இடத்தில் விரலை வைத்தார்.

"ஐயோ அம்மா!" என்று அலறினான் இரணகேசரி.

"கண்டுபிடித்தாயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம். ஈரத்துணி, இறுக்காத கட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வு. வீக்கம் வற்றினதும் மெல்ல நீட்டி மடக்கிப் பழக வேண்டும். தாங்கள் மட்டும் கொஞ்சம் அதிரசத்தைக் குறைத்தால் நல்லது."

"அதிரசத்துக்கும் முட்டிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"சாமி, அதைத் தூக்குறவன் நான்" என்றான் ஒச்சப்பன். "எனக்குத் தெரியும்."

ராசா அவனை முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். தேவூராருக்குத் தன் கைக் கடகத்தைக் கழற்றிப் போட்டான். ஒச்சப்பனை அதே பல்லக்கில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினான். அவன் தேறும்வரை அவன் இடத்தில் பல்லக்குச் சுமக்கப் பரிமேலரை நிறுத்தினான்.

மலைக்கோயில் படியில் பாதி ஏறுவதற்குள் பரிமேலர் சால்வையை வீசிவிட்டுத் தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆயுளில் அவர் தொட்டுப் பார்த்த முதல் முட்டி அதுதான்.

கதை அவ்வளவுதான். நீர் இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்? எழுந்திரும். திருப்பி அனுப்பின அந்த ஆளைக் கூப்பிடும். எந்தக் கால் என்று கேளும். கேட்டுவிட்டுக் குனிந்து தொட்டுப் பாரும். நாளைக்கு, நாளன்றைக்கு என்கிற பேரமெல்லாம் என்னிடம் வேண்டாம். இன்றைக்கே, இப்போதே!