குடை நிழலில் குடித்தனம்

முன்னொரு காலத்திலே நெடுங்கரை நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் புகழ்ச்சி கேட்டால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. அவர் வெளியே வரும்போதெல்லாம் கட்டியக்காரன் கணீரென்று கூவுவான்: "நாட்டு மக்கள் எல்லாரையும் தன் குடை நிழலில் வைத்துக் காக்கும் மகாராஜா வருகிறார்!" ராஜாவின் மீசை தானாக மேலே ஏறும்.

அந்தக் குடையை முப்பது வருஷம் தூக்கிப் பிடித்தவர் சடையாண்டி. குடை பிடிக்கிறவனுக்கு அதன் நிழல் கிடையாது. ராஜாவுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு வெயிலில்தான் நிற்க வேண்டும். தோள் தளர்ந்து குடை ஆட ஆரம்பித்ததும் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எந்த வீட்டுக்கு என்று யாரும் சொல்லவில்லை.

வீடு இல்லாமல் இல்லை. அரண்மனையிலிருந்து கிழக்கே நீண்டு போகும் தெருவில், வேலை ஓய்ந்த ஊழியர்களுக்கென்று ராஜாவின் தாத்தா வரிசையாக வீடுகள் கட்டிவைத்திருந்தார். அரண்மனை அதிகாரி அகளங்கராயர் அவற்றில் தன் சண்டைக் கிடாக்களைக் கட்டிவிட்டார். சடையாண்டிக்கு வரவேண்டிய கடைசி வீட்டில், கொம்புக்கு வெள்ளிப் பூண் போட்ட கிடா ஒன்று ஊறவைத்த கடலையைத் தின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தை அவர் மறக்கவில்லை. ராயரின் முகத்தையும்தான்.

அரண்மனையில் சமைத்த வள்ளிமயில், முரசு அடித்த கிழவர், துணி வெளுத்த புருஷன் பெண்டாட்டி என்று இன்னும் பலர் அவரோடு சந்தைக் கொட்டகையில் படுத்துக்கிடந்தார்கள். மழைக்காலம் நெருங்கியது. ராயர் ராஜாவிடம் போய், சந்தையில் கிழடுகள் கிடப்பது ஊருக்கு அழகில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுடுகாட்டை ஒட்டி ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கே அனுப்பிவிடலாம் என்றார். ராஜா வேறு யோசனையில் ஆகட்டும் என்றுவிட்டார்.

"ராயர் ரொம்ப நல்லவர்" என்றாள் வள்ளிமயில். "பக்கத்திலேயே எல்லாத்துக்கும் வசதி பண்ணியிருக்கார்."

சடையாண்டி சிரிக்கவில்லை. நாளைக்கு எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு தன்னோடு வரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் உச்சி வெயிலில் ராஜா அரண்மனை முற்றத்தில் வந்துகொண்டிருந்தார். கட்டியக்காரன் கூவி முடித்தானோ இல்லையோ, கிழவர்களும் கிழவிகளும் திமுதிமுவென்று வந்து குடைக்கு அடியில் பாயை விரித்தார்கள். வள்ளிமயில் ராஜாவின் காலடியில் மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டினாள்.

"என்ன ஓய் இது?" என்றார் ராயர்.

"குடித்தனம் வந்திருக்கிறோம்" என்றார் சடையாண்டி. "மகாராஜா, உங்கள் குடை நிழலில் எல்லாருக்கும் இடம் இருக்கிறதாம். இத்தனை வருஷம் பிடித்த எனக்கே தெரியாமல் போச்சு. அந்தக் காலைக் கொஞ்சம் நகர்த்தினால் இவள் உலை வைத்துவிடுவாள்."

ராஜாவின் மீசை கோபத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் துடித்தது. கட்டியக்காரன் கூவுவது பொய் என்றால் சொல்லிவிடுங்கள், ஆற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம் என்றார் சடையாண்டி. தன் புகழைப் பொய் என்று எந்த ராஜா சொல்லுவார்?

ராயர் கீழே பார்த்தார். தலைக்கு நேரே சூரியன். நிழல் இரண்டு பாய் அகலம்கூட இல்லை. "மெய்தான் பிரபு" என்று குழைந்தார். "குடை நிழல் விழுகிற இடம் இவர்களுக்கே என்று வாக்குக் கொடுத்துவிடுங்கள்."

முற்றமே சிரித்தது. "இன்று என் குடை நிழல் விழும் இடமெல்லாம் உங்களுக்கு" என்றார் ராஜா.

சடையாண்டி பாயைச் சுருட்டினார். "சந்தோஷம். பொழுது சாயும்போது மேல்மாடத்துக்கு வாருங்கள் மகாராஜா. எந்த நேரத்து நிழல் என்று நீங்களும் சொல்லவில்லை, ராயரும் கேட்கவில்லை."

மாலையில் ராஜா மேல்மாடத்தில் நின்றார். ராயரும் சடையாண்டியும் பக்கத்தில் நின்றார்கள். மேற்கே சூரியன் இறங்க, குடை நிழல் மதிலைத் தாண்டிக் குதித்துக் கிழக்குத் தெருவின் முதல் வீட்டு வாசலில் விழுந்தது. கீழே காத்திருந்தவர்கள் கிடாவை அவிழ்த்துவிட்டுப் பாயை உள்ளே போட்டார்கள். நிழல் அடுத்த வாசலுக்குப் போனது. அங்கேயும் அதே கதை. தெருவெல்லாம் கிடாக்கள் ஓடி ஒன்றையொன்று முட்டிக்கொண்டன.

தன் நிழல் இவ்வளவு நீளம் என்று ராஜாவுக்கு அன்றுதான் தெரிந்தது. குதூகலத்தில் நுனிக்காலில் நின்றார். "இன்னும் உயரப் பிடி" என்று குடைக்காரனை விரட்டினார்.

நிழல் கடைசி வீட்டை நெருங்கியது. வெள்ளிப் பூண் கிடா எட்டிப் பார்த்தது. ராயருக்குப் புத்தி தடுமாறியது. "குடையைச் சாய்டா!" என்று கத்திவிட்டார்.

நாடு பறிபோனால்தானே ராஜாவின் குடை சாயும்? சின்னப் பிள்ளைகூட விளையாட்டுக்குச் சொல்லாத வார்த்தை.

"என்ன சொன்னீர்?" என்று ராஜா மெல்லத் திரும்பினார்.

"வெயில் தணிந்துவிட்டதே என்று, பிரபு..."

"என் தோள் கழன்றபோதுகூட அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை" என்றார் சடையாண்டி, யாரையும் பார்க்காமல்.

நிழல் கடைசி வாசலைத் தொட்டது. என் தாத்தா கட்டிய வீட்டில் கிடாவுக்கு என்ன வேலை என்று ராஜா கேட்டார். நாளையிலிருந்து குடையை ராயரே பிடிக்கட்டும், அப்போதுதான் அது சாயாமல் இருக்கும் என்று உத்தரவானது.

சடையாண்டிக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார் ராஜா.

"எல்லா வீட்டுக்கும் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கொட்டகையில் யார் யாரோ எங்களைக் காலால் தட்டி எழுப்பினார்கள். இனி எங்கள் கதவை நாங்கள்தான் திறக்க வேண்டும்."

அப்படியே நடந்தது. முரசுக் கிழவருக்கு முழங்கால் வலி, படியில்லாத வீடு கேட்டார். வள்ளிமயில் கிணற்றடி வீட்டை எடுத்துக்கொண்டாள். யார் எங்கே என்று அவர்களே சண்டைபோட்டுச் சந்தோஷமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் ராஜாவை நனையாமல் அரண்மனையில் சேர்த்துவிட்டு, தான் தொப்பலாக நனைந்து வந்த ராயர் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினார். கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

சடையாண்டி அவசரப்படவில்லை. தாழ்ப்பாளை நிதானமாக விலக்கினார்.

"வாரும் ராயரே. கிடா கட்டியிருந்த மூலை காலியாகத்தான் இருக்கிறது. ஊறவைத்த கடலைகூடக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது."