துரைப்பாண்டி தள்ளிய நூறு கிலோ

கோவில்பட்டியில் துரைப்பாண்டி என்று ஒரு ஜிம் முதலாளி இருந்தார். புதிதாக ஆறு மெஷின்கள் வந்து இறங்கியதும் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. பழைய டம்பெல்களையும் கம்பிகளையும் இரும்புக்கடைக்குப் போடச் சொல்லிவிட்டார்.

அங்கே கூட்டிப் பெருக்கும் செண்பகவல்லிக்குப் பதறிவிட்டது. வேலை முடிந்ததும் அந்தக் கம்பிகளைத் தூக்கித்தான் அவள் மாவட்டப் பளுதூக்கும் போட்டிக்குப் பழகிவந்தாள்.

"அதுகளை விட்டுவைங்க அண்ணாச்சி," என்றாள்.

அவர் எல்லோர் முன்னாலும் மெஷினில் உட்கார்ந்து, நெஞ்சுக்கு நேராக நூறு கிலோவைப் பத்துத் தடவை தள்ளினார். "இது தராத பலத்தை உன் இரும்பு தருமா? கடை வண்டி வர்றதுக்குள்ள காட்டு, விட்டுவைக்கிறேன்."

"நான் எதுக்கு? நீங்களே காட்டுங்க. நூறு வேண்டாம், பாதி போதும்." இருபத்தைந்து கிலோ டம்பெல்கள் இரண்டை எடுத்துவந்தாள்.

துரைப்பாண்டி சிரித்துக்கொண்டே பெஞ்சில் படுத்தார். மூன்றாம் தடவை தள்ளும்போது ஒரு கை கிழக்கே போனது, மறு கை மேற்கே போனது. செண்பகவல்லி சட்டென்று இரண்டையும் தாங்கிப் பிடித்தாள்.

"ஏன் இப்படி ஆடுது?"

"மெஷின் பாதை போட்டுத் தருது, நீங்க தள்ளுறீங்க. இதுல பாதையையும் நாமதான் போடணும். புதுசா வர்றவங்களுக்கு மெஷின் பயமில்லாம இருக்கும். ரெண்டும் இருக்கட்டும் அண்ணாச்சி."

அவர் தோளைத் தடவியபடி யோசித்தார். வாசலில் வந்து நின்ற வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

"நாளைக்குக் காலையில எனக்கு இதைச் சொல்லிக்கொடு."

"கூட்டுற வேலை கிடக்குமே."

"அதுக்கு வேற ஆள் பார்த்துக்கிடலாம். இனிமே இங்க நீதான் கோச்," என்றார்.