பழி கேட்டு நின்ற மூவர்

பரிசுக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகள் எத்தனையோ கேட்டிருப்பீர்கள். இது பழிக்காக மூன்று பேர் முண்டியடித்த கதை. காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் உங்களைத்தான் கேட்கப் போகிறேன்.

கீழப்பாவனூர் தீயணைப்பு நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு வண்டி. அதில் போகிற ஆட்களுக்குத் தலைவன் சுயம்பு. போன கோடையில் குடிசைத் தெரு ஒன்று பற்றி எரிய, வண்டியோடு பறந்துகொண்டிருந்தான். பாதி வழியில் வயர்லெஸ் அலறியது. அரிசி ஆலை முதலாளியின் கிடங்கில் தீயாம், உள்ளே காவலாளி மாட்டிக்கொண்டானாம். உயிராயிற்றே என்று வண்டியைத் திருப்பினான் சுயம்பு. போய்ப் பார்த்தால், காவலாளி எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான்! வண்டி சீக்கிரம் வரட்டும் என்று முதலாளி அவிழ்த்துவிட்ட புளுகு. அதற்குள் குடிசைத் தெரு மொத்தமும் சாம்பலாகிவிட்டது.

 சுயம்பு நேரே நிலைய அலுவலர் தனுஷ்கோடியிடம் போய் நின்றான்.

"அந்த ஆள் மேல போலீசுல புகார் குடுங்க சார். பொய் சொல்லி வண்டியக் கூப்பிடுறது குத்தம்தானே?"

தனுஷ்கோடி கைநீட்டி ஒரு காசு வாங்காத மனிதர். ஆனாலும் தயங்கினார். "அவரோட மோதி நாம பொழைக்க முடியுமாப்பா? விடு. நம்ம நிர்வாகத்த நாம ஒழுங்கு பண்ணுவோம்."

பண்ணினார். முதலில் கூப்பிட்டவருக்கே வண்டி. கிளம்பிய வண்டியை எவருக்காகவும் நடுவழியில் திருப்பக் கூடாது. 'உள்ளே ஆள் இருக்கு' என்ற பேச்சை நம்பித் திருப்பினால் வேலை போகும். மேலிடம் தட்டிக்கொடுத்தது. ஏழை பணக்காரன் பேதம் ஒழிந்ததென்று ஊரும் மெச்சியது. அன்றைக்கு அது மெச்சத் தகுந்ததாகத்தான் இருந்தது.

அறுப்புக் காலத்தில் ஒரு பகல். வைக்கோற்போர் எரிகிறதென்று அழைப்பு வந்து வண்டி கிளம்பியது. ஊர் எல்லையைத் தாண்டும்போது வயர்லெஸ்ஸில், நிலையத்தில் போன் எடுக்கும் மெர்சியின் குரல் வந்தது.

"அண்ணே, காலனியில ஒரு வீடு எரியுதாம். புருஷன் கால் ஒடிஞ்சு கட்டில்ல கெடக்காராம். அந்தம்மா அழுறாங்க."

"நெசமா?" என்றான் சுயம்பு.

"எனக்கென்னண்ணே தெரியும்? இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து அவன் முகத்தைப் பார்த்தார். சுயம்புவின் கண்முன் டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளிதான் வந்து நின்றான். "நேரா விடுங்க" என்றான்.

போரை அணைத்துவிட்டுக் காலனிக்குப் போனபோது அங்கே அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சனமெல்லாம் அறுப்புக்குப் போயிருந்தது. போன் செய்த பூவாயி, கட்டிலில் கிடந்த கணவனை ஒற்றையாளாக இழுத்துப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. கணவன் பிழைக்கவில்லை. அவளுடைய இரண்டு கையும் வெந்துபோயிருந்தன. சுயம்புவை அவள் ஏசவில்லை. "நான் பொய் சொல்றேன்னா நெனச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மாவட்ட அலுவலர் விசாரணைக்கு வந்தார். ஒருவருக்காவது வேலை போயாக வேண்டும்.

"வண்டியத் திருப்பாதது நான். என்னை அனுப்புங்கய்யா" என்றான் சுயம்பு.

"போன்ல அந்தம்மா புருஷன் அலறுனது எனக்குக் கேட்டுச்சு" என்று மெர்சி உடைந்து அழுதாள். "அதைச் சொன்னா, எதுக்கு நம்புனேன்னு சார் ஏசுவாருன்னு மறைச்சுட்டேன். தப்பு என் மேலதான்."

"விதி போட்டவன் நான். அதுக்குக் கட்டுப்பட்டவங்களை விட்டுருங்க" என்றார் தனுஷ்கோடி.

மூன்று பேருமே மனசாரத்தான் சொன்னார்கள். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் யாருடைய குற்றம் பெரிது?

விடை: தனுஷ்கோடியுடையதுதான். ஆனால் எதை அவர் ஒப்புக்கொண்டாரோ, அது அந்தக் குற்றமே இல்லை. சுயம்பு நம்பவில்லை, மெர்சி பயந்தாள். இரண்டும் பிழைகள், ஆயுசுக்கும் அவர்களை அரிக்கப் போகிறவை. தனுஷ்கோடிக்குப் பொய் சொன்னவனைத் தெரியும். பெயர் தெரியும், வீடு தெரியும். அந்த ஒருவன்மேல் கை வைக்கத் துணிவில்லாமல், நாளைக்கு உண்மை சொல்லப் போகிற அத்தனை பேரையும் பொய்யர்களாக்கிவிட்டு, அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தார். வேலை போனது என்னவோ சுயம்புவுக்குத்தான். ஆலை முதலாளியை விசாரணைக்கு யாரும் கூப்பிடக்கூட இல்லை.