பக்கத்து மேசை மணி

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இருபத்தொன்பது பேர். ஜூடோ வீராங்கனைகள் பதினாறு, அவர்களைக் கூட்டி வந்த மாஸ்டர்கள் ஐந்து, நடுவர்கள் இருவர், நேரம் பார்க்கும் இரண்டு மேசைகளுக்கும் மேசைக்கு இருவராக நால்வர், ஒரு டாக்டர், டீ கொண்டுவந்தவர் ஒருவர். இத்தனை பேரில் கோபமாக இருந்தவள் ஒருத்திதான். அந்தக் கோபம் இருபத்தொன்பது பேருக்கும் போதும்.

அவள் பொற்கலை. வயது முப்பத்தொன்று. நூல் மில்லில் வேலை. மாநில அணித் தேர்வில் இரண்டு முறை கடைசிச் சுற்றில் தோற்றவள். பயிற்சிக்காக ஷிப்ட் மாற்றிக் கொடுத்துவந்த சூப்பர்வைசர், இந்த வருடத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்.

இந்த முறையும் கடைசிச் சுற்று. எதிரில் ஜெபராணி. அவளை மல்லாக்கச் சாய்த்து, மேலே படுத்து அமுக்கிவிட்டாள் பொற்கலை. இருபது நொடி அப்படியே பிடித்திருந்தால் முழுப் புள்ளி, ஆட்டம் முடிந்தது. பத்தைத் தாண்டி, இருபதுக்குள் பிடி விட்டுப்போனால் அரைப் புள்ளி, ஆட்டம் தொடரும்.

மணி அடித்தது. பொற்கலை பிடியை விட்டு எழுந்து, இரண்டு கைகளையும் தூக்கினாள்.

அடித்தது, பக்கத்தில் நடந்த இன்னோர் ஆட்டத்துக்கான பக்கத்து மேசை மணி. இவளுடைய மேசைக் கடிகாரத்தில் பதினெட்டு. நடுவர் அரைப் புள்ளிக்குக் கை காட்டி முடிப்பதற்குள் ஜெபராணி எழுந்து வந்து, தூக்கிய கையோடு நின்றவளை முதுகு தரையில் அறைய எறிந்துவிட்டாள். அது முழுப் புள்ளி.

ஒரு மேசையின் ஹாரன் பழுது, இரண்டிலும் ஒரே மாதிரி மணிதான், நான் சொல்லாமல் பிடியை விடாதீர்கள் என்று நடுவர் காலையிலேயே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். பதினாறு தலைகளும் ஆடின. பொற்கலையின் தலையும் ஆடியது.

அப்பீல் கொடுக்க ஐந்து மணி வரை நேரம். மாஸ்டர் கையெழுத்து வேண்டும். அவள் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதிக்கொண்டு, தன்னைக் கூட்டி வந்த கதீஜா மாஸ்டரிடம் போனாள். மாஸ்டர் இவளைவிட நாலு வயதுதான் பெரியவர். தரையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

மணி குழப்பிவிட்டது, பாக்கி நொடிகளையும் தன் கணக்கில் சேர்த்து முழுப் புள்ளி தரவேண்டும் என்று எழுதியிருந்தாள். மாஸ்டர் இரண்டு தரம் படித்தார்.

"பாக்கி எத்தனை நொடி?"

"ரெண்டே ரெண்டு மாஸ்டர். அவ அசையவே இல்ல. பொணம் மாதிரி கிடந்தா."

மாஸ்டர் டப்பாவை மூடினார். ஆட்ட விரிப்பில் போய் மல்லாந்து படுத்தார்.

"வா. அவளைப் பிடிச்ச மாதிரியே பிடி."

நேரம் பார்க்கும் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கையாவைப் பார்த்து, கடிகாரத்தைப் போடுங்க அண்ணே, வாய்விட்டு எண்ணுங்க என்றார். தங்கையா சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு இடக்கையால் கடிகாரத்தைத் தட்டினார்.

பொற்கலைக்கு இருந்த ஆத்திரத்தில், மாஸ்டர் என்றும் பார்க்கவில்லை. விலா நோக அமுக்கினாள். மாஸ்டர் அசையவில்லை. ஐந்து. பத்து. மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. பதினைந்து. பார்த்தீர்களா என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது.

"பதினேழு," என்றார் தங்கையா. "பதினெட்டு."

மாஸ்டரின் இடுப்பு வில்லாக எழும்பியது. பொற்கலை பக்கவாட்டில் உருண்டு, கன்னம் விரிப்பில் உரச விழுந்தாள். தங்கையா கடிகாரத்தை நிறுத்திவிட்டு, "இந்தக் கூத்துக்கு என் ரசம் ஆறிப்போச்சு," என்றார்.

பொற்கலை எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நீங்க மாஸ்டர். உங்களால முடியும். அவளால முடியாது."

"எழுது."

"என்னது?"

"ஜெபராணியால முடியாதுன்னு எழுது. நீதான மேல இருந்த, உனக்குத்தான தெரியும். எழுதினா இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

மாஸ்டரின் குரலிலும் இப்போது கோபம் இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

பொற்கலை வெடுக்கென்று வாங்கினாள். காகிதத்தைத் தொடைமேல் வைத்து ஜெபராணி என்று எழுதினாள். அடுத்த சொல்லுக்குக் கை போகும்போது அது நினைவுக்கு வந்தது. மணிக்குச் சற்று முன்னால், தன் உடம்புக்கு அடியில், ஜெபராணியின் இடது குதிகால் மெல்ல இழுபட்டு வந்து, இடுப்பைத் தூக்கத் தயாராக விரிப்பில் ஊன்றியது. மணி கேட்டதும், அப்பாடா என்று தனக்கு இருந்தது.

பேனா நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறிப் பரவியது. அவள் அதைப் பல்லைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் திரும்ப வந்து டப்பாவைத் திறந்தார்.

"மணி அடிச்சது உன் குத்தம் இல்ல. அந்தப் பாக்கி நொடி யாரோடதுன்னு மட்டும் சொல்லு."

பொற்கலை நிமிர்ந்து பார்த்தாள். தங்கையாவின் மேசையில் கடிகாரம் பதினெட்டில் நின்றிருந்தது.

மீதி, இரண்டு.