ஊமைக் கொழுப்பு பேசிய கதை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும் என்பது உங்களுக்குத் தெரியும். பறவைக்குள்ளே இருக்கிற இதயமும் மூளையும் இரைப்பையும்கூடப் பேசும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பேசும், ஓயாமல் பேசும். கூட்டுக் குடும்பம் என்றால் அப்படித்தானே? அந்த வீட்டில் வாயில்லாதவள் ஒருத்திதான். அவள் பெயர் கொழுப்பு.

கோடியக்கரைச் சேற்றில் பனிக்காலம் முழுக்க இரை பொறுக்கித் தின்கிற உள்ளான் குருவி ஒருத்தி இருந்தாள். பெயர் கீச்சி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். அவளுடைய தோலுக்கு அடியில், கழுத்துக் குழியிலும் வயிற்றைச் சுற்றியும், கொழுப்பு படுத்துக் கிடந்தாள். கொடுத்தால் வாங்கி வைப்பாள், கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். எடுத்து வைக்கிறவளுக்கு வாய் எதற்கு என்று படைத்தவன் நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

இரைப்பைக்கு அவளைக் கண்டாலே ஆகாது. நத்தையையும் சிப்பியையும் ஓட்டோடு அரைக்கிற வேலை அவனுக்கு.

"நாள் பூரா அரைக்கிறவன் நான். மகாராணி படுத்த இடத்துல வாங்கிப் பெருத்துக்கிட்டே போறா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை நல்லது சொன்னாளா?" என்பான்.

ஊமையிடம் போய் வார்த்தை கேட்கிற ஆளை என்னவென்று சொல்வது? கொழுப்புக்கு அதில் கோபமில்லை. அவள் கவலை வேறு.

உள்ளான்கள் முட்டையிடுவது இங்கே இல்லை. வடக்கே, பனிமலைக்கும் அப்பால், சதுப்பு நிலம் ஒன்று இருக்கிறது. கோடையில் அங்கே போய்த்தான் குஞ்சு பொரிக்கும். போன வருஷம் கீச்சி அரைகுறையாகத் தின்றுவிட்டு, கூட்டத்தோடு அவசரமாகக் கிளம்பினாள். இது போதாது என்று கொழுப்புக்குத் தெரியும். அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் எப்படிச் சொல்வாள்? பாதி வழியில் அவள் கரைந்து தீர்ந்தாள். கீச்சி ஏதோ ஒரு ஏரிக்கரையில் சுருண்டு விழுந்தாள். பிழைத்ததே பெரிய காரியம். அந்த வருஷம் அவளுக்கு முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை.

சூடு கண்டவள் அல்லவா, இந்த வருஷம் தலையைத் தூக்காமல் தின்றாள். சித்திரை பிறந்து காற்றும் திரும்பிவிட்டது. பக்கத்துச் சேற்றில் மேய்ந்த மணலி என்கிற மூத்த உள்ளான் கேட்டாள்.

"கிளம்பலையா கீச்சி?"

"இன்னும் கொஞ்சம் தின்னுக்கறேன் அக்கா."

"எவ்வளவு தின்னாப் போதும்?"

"தெரியலையே அக்கா. அதனாலதான் தின்னுக்கிட்டே இருக்கேன்."

மணலிக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எந்தப் பறவைக்கும் தெரியாது. குருட்டாம்போக்கில் கிளம்புவார்கள், சிலர் போய்ச் சேருவார்கள்.

மறுநாள் காலையில் வல்லூறு வந்தது. கூட்டம் குப்பென்று எழும்பியது. கீச்சி எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை பாவம், அவ்வளவு கனம். மூன்று தடவை இறக்கையை அடித்து, நாலாவது தடவைதான் கால் சேற்றை விட்டது. வல்லூறின் நகத்தில் அவளுடைய வால் இறகு இரண்டு போயிற்று. அலையாத்திப் புதருக்குள் விழுந்து நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

உள்ளே ஒரே கூச்சல். "இன்னொரு தடவை என்னால ஆகாது" என்று இதயம் அழுதது.

"கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தின்னணும்" என்றது மூளை.

"இன்னுமா?" என்று இரைப்பை சீறினான்.

"நான் என்னப்பா பண்ணுவேன்? மேல உக்காந்திருக்கேன். கீழ எவ்வளவு இருக்குன்னு எனக்கு யாரு வந்து சொல்றா? போன வருஷம் மாதிரி நடுவழியில விழுந்துட்டா?"

கொழுப்பு இதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். வடக்கே போய்ச் சேரத் தேவையானதற்கு மேலேயே அவளிடம் இருந்தது. இன்னும் நாலு நாள் தின்றால் வல்லூறுக்குத்தான் விருந்து. சொல்லாவிட்டால் கீச்சி செத்துப்போவாள். அந்தக் குருவி மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

தெருத்தெருவாகச் சுற்றி வருகிற ரத்தம் அப்போது அவள் வாசலுக்கு வந்தது. கொழுப்பு தன் உடம்பிலேயே ஒரு துளி கிள்ளினாள். வலிக்கத்தான் செய்தது. கிள்ளியதை ரத்தத்தின் கூடையில் போட்டாள்.

"யாரும் எதுவும் கேக்கலையேம்மா, இது எதுக்கு?" என்றது ரத்தம்.

அவள் மேலே கை காட்டினாள். சரியென்று ரத்தம் கொண்டுபோய் மூளையிடம் கொடுத்தது.

அந்தத் துளியில் எழுத்து இல்லை, சத்தம் இல்லை. ஆனால் தொட்டதும் மூளைக்கு விளங்கிவிட்டது. அதில் இருந்தது ஒரே ஒரு சொல்.

*இருக்கேன்.*

பின்னாலேயே இன்னொரு துளி வந்தது. இருக்கேன். இன்னொன்று. இருக்கேன், இருக்கேன். மூளை அப்படியே உட்கார்ந்துவிட்டது. "இவ்வளவு வெச்சிருக்கியா தாயி? போதும், போதும்" என்றது. புதருக்குள் மறுபடி இரை தேடிப் புழுவைக் கவ்வியிருந்த கீச்சி, ஏனென்று தெரியாமல் அதைக் கீழே போட்டாள்.

ரத்தம் அதோடு விடவில்லை. எல்லார் வீட்டு வாசலிலும் ஒரு துளி வைத்தது. இதயம் அழுகையை நிறுத்திவிட்டு, நெடுவழிப் பறப்புக்காகக் கொஞ்சம் பெருத்துக்கொண்டது. நெஞ்சுச் சதை இறுகியது. கடைசியாக இரைப்பையின் வாசலுக்கு வந்தது. அவன் துளியைத் தொட்டான்.

"நான் அரைச்சது அத்தனையும் பத்திரமா வெச்சிருக்கா. தனக்குன்னு ஒண்ணும் எடுத்துக்கலை" என்றான். அப்புறம், "இனிமே வழி பூரா அவதான் எல்லாருக்கும் போடப்போறா. நான் எதுக்குக் கல்லு மாதிரி கனக்கணும்?" என்று சொல்லித் தன்னைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டான். "நான் பேசினதை மனசுல வெச்சுக்காத தாயி" என்றும் சொன்னான். அவளால் பதில் சொல்ல முடியாது. இன்னொரு துளி அனுப்பினாள்.

இரண்டாம் நாள் மாலை தெற்குக் காற்றில் கீச்சி ஒரே வீச்சில் எழும்பினாள். ஆற்றையும் ஊரையும் வயலையும் தாண்டிப் பறந்தாள். உள்ளே கொழுப்பு தன்னை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கொடுக்கக் கொடுக்க மெலிந்தாள். மெலிய மெலிய அவள் சொல்லும் குறைந்தது. பனிமலைக்கு மேலே போகும்போது, எப்போதாவது ஒரு துளி.

"பார்த்துச் செலவு பண்ணுங்க, அவ சன்னமாப் பேசுறா" என்று மூளை எல்லாரையும் அடக்கியது.

சதுப்பு நிலத்தில் கீச்சியின் கால் பட்டது. அந்த நேரத்தில் அந்தச் சொல் நின்றது.

வீடே அமைதியாகிவிட்டது. முதலில் குரல் கொடுத்தவன் இரைப்பைதான். சுருங்கிக் கிடந்தவன் உடம்பை முறுக்கிக்கொண்டு, வெளியே கேட்கும்படி கூப்பிட்டான்.

"தாயி, இருக்கியா?"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். அந்தக் குரலுக்குத்தான் கீச்சி அலகைச் சேற்றில் விட்டாள். "கொண்டா, அரைக்கிறேன். முதல்ல அவளுக்குப் போகட்டும்" என்றான் இரைப்பை. மூன்று நாள் அரைத்தான். நாலாம் நாள், ரத்தத்தின் கூடையில் கடுகளவு ஒரு துளி வந்தது. இருக்கேன். அந்த மாதமே கீச்சி நாலு முட்டை இட்டாள்.

பறவையோடு நிற்காமல் இந்த வழக்கம் எல்லா உடம்புக்கும் பரவிவிட்டது. அளவுக்கு மீறிச் சேர்த்து வைத்த உடம்பில் கொழுப்பு ஓயாமல் அதையே சொல்ல, கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய் மூளை கவனிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. அது அவள் குற்றமில்லை.

அன்று முதல்தான், சித்திரை வந்தால் உள்ளான் குருவி பாதி இரையில் தலையைத் தூக்கி வடக்கே பார்க்கிறது. அன்று முதல்தான், பசித்த வயிறு சத்தம் போடுகிறது. சோறு கேட்கிறது என்று நாம் நினைக்கிறோம். இல்லை, இரைப்பை அவளைத்தான் கூப்பிடுகிறான்: "தாயி, இருக்கியா?"