சுவருக்குக் கேட்ட ஜெபம்

"வெளிச்சமே வரலையேம்மா," என்றார் மாசிலாமணி.

ஆயர் பெர்சிஸ் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். மாசிலாமணிக்கு மகள் வயதுதான். ஆனாலும் ஜெபத்தில் ஒரு சந்தேகம் என்றால் ஊரே அவரிடம்தான் போகும்.

"என்ன வெளிச்சம் அண்ணாச்சி?"

"வியாழக்கிழமை தம்பி மகளுக்குக் கல்யாணம். நானும் அவனும் பேசி வருஷக்கணக்காச்சு. எல்லாம் கொல்லையில நிக்க தென்னை மரம் யாருக்குன்னு வந்த வினை. போகவா வேண்டாமான்னு ஆண்டவர்ட்ட தினமும் கேக்கேன். பதிலே சொல்ல மாட்டேங்காரு."

அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

"சாயங்காலம் ஜெபத்துக்கு வீட்டுக்கு வாரேன்," என்றார் ஆயர்.

வந்தார்.

மாசிலாமணி முழங்கால் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி தங்கையாவின் வீடு.

"ஆண்டவரே!" என்று முழங்கினார். "பிறர் தேங்காய்க்கு ஆசைப்படுகிற சிலருக்கு நல்ல புத்தியைத் தாரும்!"

சுவருக்கு அப்பாலிருந்து உடனே ஒரு குரல் கிளம்பியது.

"ஆண்டவரே! மூத்தவன் என்கிற மேட்டிமையை முறியடியும்!"

"நன்றி கெட்டவர்களை மன்னியும், ஆண்டவரே!"

"மரம் வைத்தது யார் என்று நீர் அறிவீர், ஆண்டவரே!"

கல்யாண விஷயத்துக்கு வருவதற்குள் மாசிலாமணிக்கு மூச்சு வாங்கியது.

ஆயர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பதில் வரலைன்னு யார் சொன்னா? உடனுக்குடன் வருதே அண்ணாச்சி!"

"சிரிக்காதீங்கம்மா. நான் ஆண்டவர்ட்டதான் பேசுதேன்."

"அவருக்குக் காது நல்லாவே கேக்கும். வாயைத் திறக்காம ஜெபம் பண்ணுங்க."

மாசிலாமணி கண்ணை மூடினார். தேங்காயைப் பற்றி மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சப்பென்றிருந்தது. நன்றி கெட்டவர்களைச் சொல்லிப் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

"சொல்ல ஒண்ணுமே வரலையேம்மா."

"அப்ப சும்மா இருங்க."

இருந்தார்.

சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். நின்றது, மறுபடியும் வந்தது.

இவனுக்கு எப்போதிருந்து இருமல்?

"ஆண்டவரே," உதடு மட்டும் அசைந்தது. "தம்பி இருமுதான்."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

சுவரில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். மாசிலாமணி கண்ணைத் திறக்கவில்லை. பிறகு ஓடிவரும் காலடிகள். கதவு படாரென்று திறந்தது. சட்டைகூடப் போடாமல் தங்கையா நின்றார்.

"அண்ணே! சத்தத்தையே காணோமே! உனக்கு என்னமோ ஏதோன்னு…"

மிச்சத்தை இருமல் விழுங்கிவிட்டது.

மாசிலாமணி எழுந்து அலமாரியைக் குடைய ஆரம்பித்தார்.

"கூறு இருக்காலே உனக்கு? இந்த இருமலோடயா கல்யாண வேலைன்னு அலையுத? எங்க போச்சு அந்தத் தைலம்…"

"அண்ணாச்சி," என்றார் ஆயர். "போகவா வேண்டாமான்னு வெளிச்சம் கேட்டீங்களே. இன்னொரு தரம் ஜெபிப்போமா?"

தைல பாட்டிலின் மூடியைப் பல்லால் திருகிக்கொண்டே மாசிலாமணி திரும்பினார்.

"என்னம்மா நீங்க? எம் புள்ள கல்யாணத்துக்குப் போறதுக்கு நான் யார்ட்ட கேக்கணும்?"